சுற்றறிக்கை சட்டமாகுமா?

(பால்நிலை அங்கீகாரம் பற்றி வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களுட் சிலர் வியப்படைந்திருக்கலாம். காணி, மொழி, கல்வி, குடியேற்றம் என்பனவே இத்தகைய மேடைகளில் நாம் பேசியும் கேட்டும் பழகிய பொருள்கள். பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவரும், பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவரும் நம்மிடையே இருக்கின்றனர். திருநங்கையர் என்றும் திருநம்பியர் என்றும் இன்று தமிழ் அவர்களை மதிப்போடு அழைக்கிறது. அரசாங்கத்தின் ஏடுகளிலே தம்மை உள்ளபடி எழுதுவிப்பதற்கு அவர்கள் என்ன செய்யவேண்டியிருக்கிறது, அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை யாது என்பதே இன்றைய பொருள்.

இதற்கும் நம் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே நமது மறுமொழி. அதனை முதலில் விளக்கிவிட்டுப் பின்னர் பொருளுக்கு வருவோம்.

பாட்டனின் பத்திரம்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நாம் எவரும் மறந்திருக்க முடியாது. இலங்கையிற் பிறந்து, இலங்கையில் உழைத்து, இலங்கை மண்ணிலேயே தன் தாய்தந்தையரைப் புதைத்த மலையகத் தொழிலாளியை நோக்கி அச்சட்டம் என்ன கேட்டது? 'உன் தந்தை இந்நாட்டிற் பிறந்தான் என்பதற்குப் பத்திரம் எங்கே? அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தார்கள் என்பதற்குப் பத்திரம் எங்கே?' என்று கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைபெறாத காலத்துப் பாட்டனுக்கு அவன் எங்கே பத்திரம் தேடுவான்? மறு ஆண்டு வந்த 3 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியதாயிற்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரையில், அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது.

இன்னொன்றையும் நினைவூட்டுவோம். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயினும் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பிரமாணங்கள் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது 1966 ஆம் ஆண்டு சனவரியிலேதான். எட்டு ஆண்டுகளாக நம் உரிமை அச்சடித்த தாளிலே உறங்கிற்று.

இவ்விரு வரலாறுகளும் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தன. பத்திரத்தைப் பெற வழியில்லாதவனிடம் பத்திரத்தைக் கேட்பது, அவனை இல்லாதவனாக்கும் சூழ்ச்சி என்பது ஒன்று. உரிமை எந்த ஏட்டில், எந்த வடிவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரு பாடங்களையும் கையிலேந்திக்கொண்டு இன்றைய பொருளுக்குள் நுழைவோம்.

2016 இல் வந்த சுற்றறிக்கை

2016 ஆம் ஆண்டு வரையில், பிறப்புப் பத்திரத்திலுள்ள பால் என்ற கட்டத்தை மாற்றுவதற்குத் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் இந்நாட்டில் தெளிவான வழி இருக்கவில்லை. அவ்வாண்டிலே சுகாதார அமைச்சு 01-34/2016 என்ற இலக்கமிட்ட பொதுச் சுற்றறிக்கையை வெளியிட்டது. 'பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ்' என ஒன்று அதனால் ஏற்பட்டது. அச்சான்றிதழைக் கொண்டுவருவோரின் பிறப்புப் பதிவைத் திருத்துமாறு பதிவாளர் நாயகமும் அதே ஆண்டிலே தம் அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். இம்முயற்சியில் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பங்குண்டு. தம் பெயரையும் முகத்தையும் வெளிக்காட்டிப் போராடிய சிலரின் துணிவுக்கு அதனினும் பெரிய பங்குண்டு. இதனை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. பிறப்புப் பத்திரத்தையே திருத்தும் வழியை இலங்கையின் அலுவலகங்கள் திறந்துவிட்டன.

வழி எவ்வாறு செல்கிறது? முதலில் உளநல மருத்துவ நிபுணரை நாடவேண்டும். அவர் விண்ணப்பகாரரோடு பேசி, ஆராய்ந்து, முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பகாரர் ஓமோன் மருத்துவத்துக்கும் வேண்டிய சத்திரசிகிச்சைக்கும் அனுப்பப்பட்டார் என்றும், பால்நிலை மாற்றத்துக்கு உட்பட்டார் என்றும் சான்றிதழ் கூறவேண்டும். அச்சான்றிதழோடு பதிவாளரிடம் செல்ல வேண்டும். பிறப்புப் பத்திரம் திருத்தப்பட்ட பின்னர், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகம் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் சென்று புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பின்னர் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழ்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகளைத் தட்ட வேண்டும்.

மருத்துவம் நாடுவோர் மருத்துவம் பெறுக. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால், மருந்து வேண்டாதவர், நோயினாலோ வறுமையினாலோ மருந்து ஏற்க இயலாதவர், கத்திக்கு அஞ்சுபவர், இவர்களின் கதி யாது? உடலை மாற்றினாலன்றி ஏட்டை மாற்றோம் என்பது, பாட்டனின் பத்திரத்தைக் கேட்ட அதே குரலன்றோ?

இலக்கம் சொல்லும் கதை

அடையாள அட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்முள் ஒவ்வொருவருடைய சட்டைப்பையிலும் கைப்பையிலும் அது இருக்கிறது. எனினும் அதன் இலக்கத்தில் நம் பால் எழுதப்பட்டிருப்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் உள்ளன. இரண்டிலும் முதலில் வருவது பிறந்த ஆண்டு. அதை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் பிறந்த நாள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுவன. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாம் திகதி ஆண்டின் 32 ஆவது நாள். அன்று பிறந்த ஆணின் அட்டையில் 032 என்றும், பெண்ணின் அட்டையில் 532 என்றும் இருக்கும். ஆகவே, அட்டையிலே பால் என்ற சொல்லை மட்டும் திருத்தினாற் போதாது. இலக்கம் பழையதாகவே இருந்தால், விபரமறிந்த எவரும் ஒரே நோக்கில் கண்டுகொள்வர். இலக்கமே மாறினாலோ, அவ்விலக்கத்தைக் கொண்டு எழுதப்பட்ட வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி, கமநல சேவை நிலையத்தின் பதிவு, வாக்காளர் இடாப்பு அனைத்தும் வேறொரு மனிதருடையன போலத் தோன்றும். அந்த மனிதரும் நானே, இந்த மனிதரும் நானே என்று ஒவ்வொரு மேசையிலும் மெய்ப்பிக்க வேண்டும்.

அட்டையும் முகமும் ஒவ்வாதிருப்பது எத்தகைய இடர் என்பதைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா? போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளை நினைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், மீண்டும் அட்டையைப் பார்ப்பான் காவலன். அட்டையில் ஒரு பாலும் தோற்றத்தில் மற்றொரு பாலுமாக நின்ற பிள்ளை எந்த வரிசையில் நின்றிருக்கும்? அதனை உடற்சோதனை செய்தவர் யார்? நம்முடைய துன்பத்தை நாம் ஆயிரம் மேடைகளிற் பேசினோம். அப்பிள்ளையின் துன்பத்தை எந்த மேடையிற் பேசினோம்?

சாவடிகள் குறைந்த பின்னரும் சட்டத்தின் அச்சம் நீங்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவோரைத் தண்டிக்க எழுதப்பட்டது. அலைந்து திரிவோர் பற்றிய 1841 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமோ ஆங்கிலேயன் விட்டுச்சென்ற முதுசொம். இவ்விரண்டும் திருநங்கையரைத் தெருவில் மறித்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப் பயன்படுத்தப்பட்டுள்ளன. இவ்விடத்தில்தான் அந்தச் சான்றிதழின் பெறுமதி தெரிகிறது. அரசாங்கமே கொடுத்த பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவரை ஆள்மாறாட்டக்காரர் என்று சொல்லுதல் எளிதன்று.

கட்டணமில்லாச் செலவு

இனிச் செலவைப் பார்ப்போம். அரசாங்க மருத்துவமனையில் மருத்துவரைக் காணக் கட்டணமில்லை என்பார்கள், உண்மையே. பதிவாளருக்குச் செலுத்தும் பணமும் பெரிதன்று என்பார்கள், அதுவும் உண்மையே. ஆனால் செலவு அங்கேயா இருக்கிறது?

முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமமொன்றில் நாட்கூலிக்குத் தோட்டவேலை செய்யும் ஒரு திருநம்பியை எண்ணிப் பாருங்கள். கிளினிக் நாளுக்கு விடியுமுன் பேருந்தேற வேண்டும். அன்றைய கூலி இல்லை. ஒரு முறை பேசி முடிவு செய்யும் விடயமன்று. திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். அத்தனை நாட் கூலியும் இல்லை. மருந்தொன்று மருத்துவமனையில் இல்லாவிடின் வெளிக் கடையில் வாங்க வேண்டும். பிறகு பதிவாளர், கிராம அலுவலர், பிரதேச செயலகம். ஒவ்வோரிடத்திலும் கூடியிருக்கும் மக்கள் முன்னிலையில், மேசைக்கப்பால் இருப்பவர் உரத்த குரலிற் கேட்கும் கேள்விகளுக்கு உரத்த குரலிலேயே பதில் சொல்ல வேண்டும். மறுநாள் ஊர் முழுவதும் அறிந்துவிடும். ஊர் அறிந்தபின் வீட்டில் இருக்க முடியுமா, வேலை கிடைக்குமா, வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா என்பவையே உண்மையான செலவுக் கணக்கு. அதற்கு எந்தக் கச்சேரியிலும் பற்றுச்சீட்டு இல்லை.

படித்தவருக்கு மட்டும் இவ்வழி எளிதா? அதுவும் இல்லை. மகளிர் கல்லூரியொன்றிற் படித்துத் தேறிய திருநம்பி ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பெயரும் பாலும் திருத்தப்பட்டிருந்தாலும் கல்லூரியின் பெயர் கதையைச் சொல்லிவிடும். ஆண் பாடசாலை, பெண் பாடசாலை என்று பிரித்துக் கட்டிய நம் கல்வி மரபிலே இது ஒழிக்கவியலாத சங்கடம். அதிபர்கள் நல்ல மனத்தோடு கடிதம் எழுதிக் கொடுத்தாலன்றித் தீராது.

சுற்றறிக்கையின் எல்லை

இவ்விடத்தில் நமது தலையாய வினாவுக்கு வருகிறோம். சுற்றறிக்கை சட்டமாகுமா?

ஆகாது. சுற்றறிக்கை என்பது ஒரு திணைக்களத்தின் தலைவர் தம் கீழுள்ளவர்களுக்கு எழுதும் கட்டளை. அமைச்சர் மாறினால், செயலாளர் மாறினால், மற்றொரு சுற்றறிக்கையால் அதை மாற்றலாம். அதற்குப் பாராளுமன்றத்தில் விவாதம் வேண்டியதில்லை, வாக்கெடுப்பு வேண்டியதில்லை. நேற்றுத் திறந்த கதவு இன்று மூடப்பட்டால், தட்டிக் கேட்பதற்குச் சட்டப் பிரிவொன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்பீர்கள். ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை. நாட்கூலித் தொழிலாளிக்கு ஒரு மாதம் என்பது சட்டத்தரணியைக் கண்டுபிடிக்கவே போதாது.

மேலும், ஒரு சட்டத்தைத் திருத்தச் சுற்றறிக்கைக்கு வலிமையில்லை. நம்முடைய தேசவழமையையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளும் முதுசொமும் பற்றிய 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. ஆணுக்கு அத்தகைய தடை இல்லை. அக்கட்டுப்பாடு நீதியானதா என்பது வேறு விவாதம். இங்கே நாம் கேட்பது இதுதான்: பால் என்ற கட்டத்தில் எழுதப்படும் ஒரு சொல் காணியையும் தொடுகிறது, கலியாணத்தையும் தொடுகிறது, முதுசொத்தையும் தொடுகிறது. இத்தனை சட்டங்களையும் தொடும் ஒரு மாற்றத்தை, எந்தச் சட்டத்தையும் தொட இயலாத ஒரு சுற்றறிக்கையிலே நிறுத்திவைத்திருப்பது முறையா? நொத்தாரிசின் மேசையிலே உறுதி எழுத வரும் கமக்காரர் ஒருவருக்கு இவ்வினா எழுந்தால், நொத்தாரிசு எந்த நூலைப் புரட்டிப் பதில் சொல்வார்?

பிற நாட்டு வழிகள்

பிற நாடுகள் என்ன செய்தன என்பதையும் அறிவது நன்று. நமக்குச் சட்டம் கற்பித்த பிரித்தானியா, நெடுங்காலம் மறுத்துவந்து, 2002 யூலை 11 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்வின் வழக்கிலே கண்டித்த பின்னரே வழிக்கு வந்தது. 2004 இல் பால்நிலை அங்கீகாரச் சட்டம் நிறைவேறியது. 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறைந்திருத்தல், மருத்துவ அறிக்கைகள் இரண்டு, ஏற்ற பால்நிலையில் 2 ஆண்டுகள் வாழ்ந்தமைக்குச் சான்று, வாழ்நாள் முழுவதும் அவ்வாறே வாழ்வேன் என்ற சத்தியப் பிரமாணம், இவையனைத்தையும் ஒரு குழுவின் முன் வைத்தல் என்பன அச்சட்டம் வகுத்த பொதுவழி. சத்திரசிகிச்சையை அது கட்டாயமாக்கவில்லை. கட்டணம் 140 பவுனாக இருந்து 2021 மே மாதத்தில் 5 பவுனாகக் குறைக்கப்பட்டது. கட்டணம் குறைந்தும் வழி சுருங்கவில்லை. மருத்துவ அறிக்கை பெறுவதற்கு வேண்டிய முதற் சந்திப்புக்கே அங்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் பலர். ஆகவே கட்டணத்தைக் குறைப்பது மட்டும் சீர்திருத்தமாகாது என்பதை அந்நாட்டின் அனுபவம் காட்டுகிறது.

இந்தியாவிலே 2014 ஏப்ரல் 15 இல் உச்ச நீதிமன்றம், தன் பால்நிலையைத் தானே தீர்மானிப்பது மனிதனின் உரிமை என்றும், அதற்குச் சத்திரசிகிச்சையை வற்புறுத்துவது சட்டத்துக்குப் புறம்பு என்றும் தீர்ப்பளித்தது. எனினும் 2019 இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், திருநர் என்ற சான்றிதழை மாவட்ட நீதவானிடம் விண்ணப்பித்துப் பெற வகை செய்துவிட்டு, ஆண் அல்லது பெண் என்று எழுதுவிக்க விரும்புவோரிடம் சத்திரசிகிச்சைச் சான்றைக் கேட்டது. நீதிமன்றம் திறந்த கதவைச் சட்டம் பாதியாக மூடிற்று என்று அங்குள்ளோர் கண்டித்தனர்.

ஆர்ஜென்டீனா 2012 மே மாதத்தில் இயற்றிய 26,743 ஆம் இலக்கச் சட்டமோ மிக எளிது. 18 வயது நிறைந்தவர் பதிவாளரிடம் சென்று, தம் பெயரையும் பாலையும் திருத்துமாறு எழுத்தில் கேட்டால் போதும். மருத்துவச் சான்று வேண்டியதில்லை, நீதிபதி வேண்டியதில்லை, சட்டத்தரணி வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. தேசிய அடையாள இலக்கம் மாறாமல் இருப்பதால், பழைய கடன்களும் கடமைகளும் உரிமைகளும் அப்படியே தொடரும். இலக்கத்திலேயே பாலை எழுதிவைத்திருக்கும் நம் நாட்டுக்கு அதிலே கற்க ஒன்று உண்டு.

ஐயங்களுக்கு விடை

இத்தகைய இடத்திற் பேசும்போது மூன்று ஐயங்கள் எழுவதை நாம் அறிவோம். அவற்றைப் புறக்கணித்தல் தகாது.

வெறும் வாக்குமூலத்தை ஏற்றால் மோசடி பெருகாதா என்பது முதலாவது. நாம் கேட்கிறோம்: பெயரை மாற்றுகிறோம், தொலைந்த உறுதிக்குப் பிரதி கேட்கிறோம், பிறந்த இடத்தை உறுதிப்படுத்துகிறோம், எதைக் கொண்டு? சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிடும் சத்தியக் கடதாசியைக் கொண்டன்றோ? பொய்ச் சத்தியம் செய்தவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. காணிக்குப் போதுமான சத்தியக் கடதாசி, காணியை உடைய மனிதருக்குப் போதாதா?

பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களிலும் சலுகைகளிலும் குழப்பம் வராதா என்பது இரண்டாவது. இது கேட்கத் தகுந்த கேள்வி. பிரித்தானியாவின் உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 16 இல், அந்நாட்டின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் உயிரியற் பாலையே குறிக்கும் என்றும், அங்கீகாரச் சான்றிதழ் அச்சட்டத்தின் நோக்கத்துக்கு அதனை மாற்றாது என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வரவேற்றோரும் உண்டு, வருந்தியோரும் உண்டு. நாம் அதிலிருந்து எடுப்பது வேறு. எந்த உரிமை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை மக்கள் பிரதிநிதிகள் வெளிப்படையாக விவாதித்துத் தெளிவாக எழுதாவிட்டால், இரு சாராரும் நீதிமன்ற வாசலிலே காலம் கழிக்க நேரும். தெளிவை வேண்டுவோர், எம்மோடு சேர்ந்து, சட்டம் வேண்டும் என்றே கேட்க வேண்டும்.

இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வுமா என்பது மூன்றாவது. தமிழின் முதல் இலக்கண நூலாக நாம் போற்றும் தொல்காப்பியத்தைத் திறந்து பாருங்கள். சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலே, கிளவியாக்கத்திலே, இத்தகையோரைக் குறிக்கும் சொற்களுக்கு ஆசிரியர் விதி வகுக்கிறார். அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை என்று கண்ட அவர், அவர்களை அஃறிணையில் தள்ளிவிடவில்லை. உயர்திணையிலேயே நிறுத்தி, உயர்திணை வினையே கொடுத்தார். இலக்கணம் அவர்களை மக்களாக எண்ணிற்று. தெருவிலே நின்று அவர்களை 'அது' என்று அழைப்பவன் தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் அவ்வாறு அழைப்பதற்கு உரிமையுடையவனல்லன்.

நாம் கேட்பது

ஆகவே, பெரியோர்களே, நாம் கேட்பவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவதாக, 2016 ஆம் ஆண்டின் சுற்றறிக்கைகளால் வந்த வழியைப் பாராளுமன்றம் சட்டமாக இயற்ற வேண்டும். பிறப்பு, விவாகம், முதுசொம், காணி என்பவற்றில் அதன் விளைவு யாது என்பதை அச்சட்டமே சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, சமாதான நீதவான் முன் செய்யும் சத்தியப் பிரமாணம் போதுமானதாக வேண்டும். மருத்துவம் விரும்புவோருக்கு மருத்துவமனை திறந்திருக்கட்டும். ஏட்டைத் திருத்துவதற்கு அது வாயிற்காவலாக நிற்றல் ஆகாது.

மூன்றாவதாக, பிறப்புப் பத்திரம் திருத்தப்பட்டதும், அத்திருத்தம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கும் பரீட்சைத் திணைக்களத்துக்கும் பிறவற்றுக்கும் அலுவலக வழியிலேயே செல்ல வேண்டும். ஒரு மனிதர் பத்து மேசைகளில் ஒரே கதையைச் சொல்லும் நிலை ஒழிய வேண்டும். அடையாள இலக்கத்திலே பாலைப் பொதிந்துவைக்கும் முறையும் நீங்க வேண்டும்.

நான்காவதாக, இவை அனைத்தும் ஒவ்வொரு மாவட்டத்திலும், தமிழ் பேசுவோருக்குத் தமிழிலே, தனியறையிலே, கட்டணமின்றி நடைபெற வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய படிவத்தில் ஒப்பமிடும் அவமானத்தை அறிந்தவர்கள் நாம்; அதனை நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல மாட்டோம்.

சட்டம் வரும் வரையிற் கைகட்டி நிற்க வேண்டும் என்பதில்லை. இங்கு வீற்றிருக்கும் சட்டத்தரணிகள் ஒரு சத்தியக் கடதாசியைக் கூலி வாங்காமல் எழுதிக் கொடுக்கலாம். மருத்துவர்கள் கிளினிக் நாட்களைத் தொலைவிலிருந்து வருவோருக்கேற்ப ஒழுங்கு செய்யலாம். கிராம அலுவலர்கள் கேள்விகளைத் தாழ்ந்த குரலிற் கேட்கலாம். அதிபர்கள் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். கமக்காரப் பெருமக்களே, உங்கள் தோட்டத்திலே வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் அவர்கள் வந்தால், மற்றவருக்குக் கொடுக்கும் கூலியை அவர்களுக்கும் கொடுத்து, அவர்கள் சொல்லும் பெயரால் அவர்களை அழைக்கலாம். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றவர்களிடம் இவ்வினாவை நாம் எழுத்திற் கேட்க வேண்டும். 1948 இல் மலையக மக்களின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டபோது தமிழ்ப் பிரதிநிதிகளுள் எவர் எப்பக்கம் நின்றார் என்பதை இன்றும் நாம் பெயர் சொல்லி விவாதிக்கிறோம். தொகை குறைந்தவர், வாக்குப் பலம் அற்றவர் என்று இவர்களைக் கைவிட்டவர் யார் என்றும் நாளை ஒருவர் விவாதிப்பார். அவ்விவாதத்தில் நம் பெயர் எப்பக்கத்தில் எழுதப்பட வேண்டும் என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்வோம்.